வண்ணக் கோடும் கல் வரம்பும்

சாலையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, அதனுள் சைக்கிளின் உருவத்தை எழுதிவிட்டால் அது சைக்கிள் பாதை ஆகிவிடுமா? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நாள்தோறும் சைக்கிளேறிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவர்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. உயிரைப் பற்றிய வினா.

விடை காண இலண்டன் மாநகரை எடுத்துக்கொள்வோம். அங்கும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. 2010ஆம் ஆண்டு முதல் அந்நகரில் சைக்கிள்களுக்கென நீண்ட பாதைகள் வகுக்கப்பட்டன. ஆயினும் தொடக்கத்தில் அவற்றின் பெரும்பகுதி பொதுச்சாலையின்மீது தீட்டிய நீல வண்ணமேயன்றி வேறில்லை. அத்தகைய பாதை ஒன்று 2011இல், நகரின் கிழக்கே 'போ' என்னும் பகுதியிலுள்ள சாலை வட்டம் வரை திறக்கப்பட்டது. அவ்வாண்டே அக்டோபர், நவம்பர் மாதங்களில், மூன்று வாரங்களுக்குள், அவ்வட்டத்தில் சைக்கிளோட்டிகள் இருவர் லாரிகளில் சிக்கி மாண்டனர். நீல வண்ணம் பொய்யான பாதுகாப்புணர்வை ஊட்டிவிடக்கூடும் என்று, மரண விசாரணை நடத்திய அதிகாரி 2013இல் கவலை தெரிவித்தார்.

பொய்யான பாதுகாப்புணர்வு எங்ஙனம் கேடு விளைக்கிறது? சந்திப்பில் லாரி ஒன்று இடப்பக்கம் திரும்புவதாகக் கொள்வோம். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தம் இடப்புறத்தில் மிக அருகே இருப்பவர் தெரிவதில்லை. மேலும், திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலே செல்வதில்லை. உட்புறமாக ஒதுங்கி ஓரத்தை நெருங்கும். ஓரத்துக் கோடு சைக்கிளோட்டியை அழைத்துச் சென்று நிறுத்துவதோ அதே இடத்தில்தான்! நிறுத்திய கார்களை ஒட்டிக் கோடு கிழிப்பதும் இத்தகையதே. திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் பாதையில் பின் எஞ்சுவது எவ்வளவு?

இலண்டன் இதனை உணர்ந்தது. 2013இல் அப்பாதை ஸ்ட்ராட்ஃபோர்டு நோக்கி நீட்டப்பட்டபோது, சைக்கிளுக்கும் பிற வண்டிகளுக்கும் இடையே கல் வரம்பு எழுந்தது. பழைய பகுதியும் 2016இல் பெரும்பாலும் அவ்வாறே திருத்தப்பட்டது. ஆனால் வரம்பு மட்டும் போதாது. நேரே செல்லும் சைக்கிளும் இடப்புறம் திரும்பும் லாரியும் ஒரே நேரத்தில் புறப்படாதபடி, சந்திப்புகளில் தனித்தனி விளக்குகள் வேண்டும். ஆபத்து மிகுந்த இடத்தில் முடிந்துவிடும் பாதை பாதையன்று.

மாணவர்களே, நல்ல பாதைகள் அமையும் வரை உங்கள் காப்பு உங்கள் கையிலும் உள்ளது. திரும்பவிருக்கும் லாரியின் இடப்புறத்தில் நுழையாதீர்கள். நிறுத்திய காரிலிருந்து ஒரு மீட்டர் விலகிச் செல்லுங்கள். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம், நகர்மன்றத்தில் அமரலாம். அப்போது சைக்கிள் பாதையின் வரைபடம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், 'இவ்வழியே பத்து வயதுக் குழந்தையைத் தனியே அனுப்பத் துணிவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஆம்' என்று உள்ளம் கூறினால் மட்டும் கையொப்பமிடுங்கள்.