நீளப் படத்தில் நின்றவர்கள்



நினைவுச் சொற்பொழிவில் கேமராவைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா அது. முக்காலியின் மேல் பல்சக்கரத்தில் மெல்லச் சுழலும். அதற்கேற்ப உள்ளே பிலிமும் நகரும். சில அடி நீளத்துக்குப் படம் விழும். ஆட்களைப் பிறைவடிவில் நிறுத்தினால் படத்தில் நேர்வரிசையாகத் தெரிவார்கள். இடது ஓரத்தில் நின்ற குறும்புக்காரன் பின்பக்கமாக ஓடிப்போய் வலது ஓரத்திலும் நிற்கலாம்!

சகோதர சங்கங்களின் மாநாடுகளுக்கு இது வசதியாகப் போயிற்று. நூற்றுக்கணக்கானோர் தோள்பட்டையும் தொப்பியுமாக நிற்பார்கள். எல்லோர் முகமும் விழுந்தால் ஆளுக்கொரு பிரதி விற்கலாம்.

ஆனால் யார் அந்தச் சகோதரர்? எல்க்ஸ் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்ற விதி 1973 வரை இருந்தது. நம் ஊரில் எழுதாமலே நடப்பதை அவர்கள் எழுதியே வைத்திருந்தார்கள். 1898இல் சின்சினாட்டியில் ஆர்தர் ரிக்ஸ் என்ற ரயில்பெட்டிப் பணியாளரும் பி. எஃப். ஹோவர்டும் கறுப்பர்களுக்கான எல்க்ஸைத் தொடங்கினார்கள். வெள்ளையர் தங்கள் சடங்கு நூலுக்குப் பதிப்புரிமை வாங்கவில்லை, இவர்கள் வாங்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விடுவார்களா? வழக்குப் போட்டார்கள். 1912இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஷ்ரைனர் என்ற இன்னொரு சங்கத்தின் பெயர், சின்னம், உடை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1929இல் கறுப்பர்கள் வென்றார்கள்.

ஆகவே கறுப்பர் சங்கத்தின் மாநாட்டுப் படத்தில் ஒருவர் அணிந்திருக்கும் தொப்பியை அலங்காரம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை அணியக் கூடாது என்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

சங்கங்கள் வெறும் அணிவகுப்போடு நிற்கவில்லை. சாவுச் செலவுக்குப் பணம் கொடுத்தன, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. கறுப்பர் எல்க்ஸ் 1944இல் ஜார்ஜியாவில் நடத்திய பேச்சுப் போட்டியில் 15 வயது மார்ட்டின் லூதர் கிங் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். திரும்பும் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு நின்றுகொண்டே வந்தார்.

குறையும் உண்டு. பெண்களுக்குத் தனிக் கிளைதான். படத்தின் அடியில் பெரும்பாலும் சங்கத்தின் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். நின்றவர்களின் பெயர் இருக்காது.

மாணவத் தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாநாட்டுப் படம் கிடந்தால் பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். தலைவரைத் தெரியும்; ஓரத்தில் நிற்பவர் யார்? பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.