பளுவும் களைப்பும்

(சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடத் திறப்பு நாளன்று ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் விளக்கும் புத்தகமும் தந்தது. இன்று இரும்பும் தந்திருக்கிறது. “நம்மவர் தூக்கியது போதாதா? படிப்பிக்கும் சங்கத்துக்கு இரும்பு எதற்கு?” என்று முதியவர் ஒருவர் வாயிலிலேயே நம்மை மறித்துக் கேட்டார். நியாயமான கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் மழை பொய்த்தால் சீமைக்கருவேலமே வெள்ளாமை. வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூடை பிடித்து லாரியில் ஏற்றுகிறோம். மூடையை எண்ணுவார் உண்டு. ஏற்றியவன் எவ்வளவு தளர்ந்தான் என்று அளந்தார் இல்லை.

அறிவியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாள், பத்தாம் வகுப்பில் நாமே பாடம் நடத்தினோம். சுமையோடு சமதரையில் நடப்பவன் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி என்று படித்துக் காட்டினோம். பின்வரிசையில் தூங்கி விழுந்து நம்மிடம் அடிக்கடி ஏச்சு வாங்கும் பையன் எழுந்தான். “அப்படியானால் எங்கள் அப்பாவுக்கு இடுப்பு ஏன் நோகிறது, ஐயா?” வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை. இரவில் தந்தையோடு அவனும் மூடை ஏற்றுகிறான் என்பது பிறகே தெரிந்தது. ஏசியதற்கு இன்றும் வெட்கப்படுகிறோம்.

விடையைத் தேடிப் படித்தோம். அசையாமல் தாங்கி நிற்கும்போதும் தசையின் நுண்ணிழைகள் ஓயாமல் பற்றி இழுத்தவண்ணம் இருக்கின்றன. அதற்கு உடல் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஆக, வேலை வேறு, களைப்பு வேறு. இத்தாலியில் தூரின் நகரத்து உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோசோ களைப்பை அளக்கவே ஒரு கருவி செய்தார். விரலில் எடையைக் கட்டி மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்தார். எடை மாறவில்லை; அது எழும்பும் உயரமோ குறைந்துகொண்டே வந்து நின்றுபோயிற்று. களைப்பைப் பற்றி 1891இல் அவர் வெளியிட்ட நூலில், சிசிலித் தீவின் கந்தகச் சுரங்கங்களில் சுமை சுமந்து உருக்குலைந்த சிறுவர்களையும் அவர் மறக்கவில்லை.

தம்பிமாரே, இனி இரும்புக்கு வருவோம். 60 கிலோவை அரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 294 ஜூல் வேலை. ஒரு வினாடியில் உயர்த்தினால் திறன் 294 வாட். இரண்டு வினாடி ஆனால் 147. எடை அதேதான், திறன் பாதி. தண்டு மெதுவாவதே களைப்பின் முதற்சாட்சி. கைப்பேசியில் படம் பிடித்து வினாடியைக் கணக்கிடலாம். இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்று தோன்றும்போதே இறக்கிவிடுங்கள்.

உச்ச எடையைக் காணப் பந்தயம் கட்டித் தூக்க வேண்டா. 50 கிலோவை ஆறு முறை ஒழுங்காகத் தூக்கி, அதற்குமேல் முடியாதென்றால், ஆறை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, ஐம்பதால் பெருக்குங்கள், 60 வரும். மதிப்பீடுதான், பத்து முறைக்கு மேற்போனால் பிழைபடும்.

ஊர் மந்தையில் கிடந்த இளவட்டக்கல் ஒருமுறைத் தூக்கலை மட்டுமே அளந்தது. மறுநாள் அவன் நிமிர்ந்தானா என்று கேட்கவில்லை. அக்கல்லைத் தொடும் உரிமை யார் யாருக்கு இருந்தது என்பதை இங்குள்ள முதியோரே சொல்லட்டும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப்பிரிவில் 149உம் 179உமாக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அந்த மேடையிலும் ஒவ்வொரு வகைத் தூக்கலுக்கும் மூன்று வாய்ப்புகளே. எத்தனை கிலோ என்று கேட்டு வாங்குவது தூக்குபவரின் தரப்பு. வாயிலில் மறித்த பெரியவருக்கு நம் விடை இதுதான்: லாரியடியில் எடையைப் பிறர் வைக்கிறார், இங்கே நாமே வைக்கிறோம், நாமே இறக்குகிறோம். நம் பெண்மக்களுக்கும் அப்படியே.

கூடத்துச் சுவரில் ஓர் அளவுகோல் வரைந்திருக்கிறோம். இரும்பைத் தொடுமுன் விரலில் சுண்ணப்பொடி தடவி, நின்ற இடத்திலிருந்து எம்பிச் சுவரைத் தொடுங்கள். மூன்று முறை எம்பி, உயர்ந்த குறியை உங்கள் பெயருக்கு நேரே நோட்டில் எழுதுங்கள். வழக்கமான குறிக்கு நன்கு கீழே விழுந்தால் அன்று இரும்பு வேண்டா. முதல்நாள் இரவு மூடை ஏற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள், ஏச மாட்டோம்.