வீட்டுக்கு ஒரு புத்தகம், லைனுக்கு ஒரு படிப்பகம்

(மாரிகுப்பத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "நாம் படிக்க வேண்டிய புத்தகங்கள்" என்பது. நாங்கள் புலவர்கள் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் சங்க வேலை செய்கிறோம். ஆகவே இலக்கியம் பற்றிய ஆராய்ச்சியை எங்களிடம் எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் படித்து, எங்களுக்குப் பயன்பட்ட சில புத்தகங்களைச் சொல்லுகிறோம். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி காலடி வைத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் தமிழன் இந்தப் பூமிக்குள் இறங்கி ஏறியிருக்கிறான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டியிருக்கிறான். மூடிய பிறகு நம்மில் பலர் என்ன செய்தோம்? தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு வேலை தேடிப் போனோம். எங்கள் குடும்பமும் லைன் வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போயிற்று. புது வீடு சிறியது. தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் பழுப்பேறிப் பூச்சி அரித்த காகிதக் கட்டுகள். "இதை எங்கே வைக்கிறது?" என்று கேட்டு, பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டவர்கள் நாங்கள்தான். அப்போது எங்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அது உங்க தாத்தா படிச்சதுடா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அந்தக் கட்டில் என்ன இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. மேல் தாளில் பெரிய எழுத்தில் "தமிழன்" என்று அச்சிட்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பத்திரிகையின் வரலாற்றை இன்று எத்தனை தங்கவயல் பிள்ளைகள் அறிவார்கள்?

பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது "தமிழன்" ஆயிற்று. அவர் சித்த வைத்தியர். நம் மக்களைத் தாழ்ந்தவர் என்று யார் சொன்னது, எப்போது சொன்னது, ஏன் சொன்னது என்று வாரந்தோறும் கேட்டு எழுதினார். பௌத்தம் பற்றி எழுதினார், சரித்திரம் எழுதினார், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். அந்தப் பத்திரிகையைத் தாங்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் இந்த மாரிகுப்பத்துத் தொழிலாளர்கள். பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளை இருந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்தார், சிறிது காலத்தில் பத்திரிகையும் நின்றது. அதை 1926-இல் மறுபடி எழுப்பியது எந்த ஊர் தெரியுமா? மதராஸ் அல்ல, நம் கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து நடத்தினார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில் இருந்ததுதான்.

ஷிப்டு முடிந்து, உடம்பெல்லாம் தூசியோடு மேலே வந்தவன் பத்திரிகை படித்தான். படிக்கத் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். கேட்டவன் சும்மா இருக்கவில்லை. கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் போகிறோம் என்று கம்பெனி சொன்னபோது, 1930-இல் சுரங்கம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் இந்த லைன்களில் வாழ்ந்தவர்கள்தானே! கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பரம்பரையின் பிள்ளைகள், இன்று தாய்மொழியில் ஒரு பக்கம் படிக்கத் தடுமாறுவது நமக்குப் பெருமையா?

பண்டிதரின் எழுத்துகள் அடியோடு அழிந்து போகாததற்குக் காரணமும் சாதாரணக் குடும்பங்கள்தான். அவர்கள் பெட்டியிலும் பரணிலும் பத்திரமாக வைத்திருந்த பிரதிகளைத் தேடித் தொகுத்து, 1999-இல் ஞான அலாய்சியஸ் "அயோத்திதாசர் சிந்தனைகள்" என்ற பெயரில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையத்தின் மூலம் கொண்டுவந்தார். அந்தத் தொகுதியைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான் தகரப் பெட்டி எங்கள் ஞாபகத்துக்கு வந்தது. யாரோ பாதுகாத்தார்கள், நாங்கள் எடைக்குப் போட்டோம். இதை மறைப்பதில் பயனில்லை.

ஆகவே நாங்கள் சொல்லும் முதல் புத்தகம் அதுதான். பெரிய புத்தகம், பழைய நடை. பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும். புரியாத சொல்லுக்கு வீட்டில் உள்ள வயதானவர்களைக் கேளுங்கள். அகராதியில் இல்லாத சொல்லுக்கும் சில நேரம் அவர்களிடம் பதில் இருக்கும்.

இரண்டாவது, "எரியும் பனிக்காடு". டாக்டர் பி. எச். டேனியல் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், பிறகு தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர். அவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். கருப்பன், வள்ளி என்று ஒரு கணவன் மனைவி. மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்த முன்பணம் எப்படித் தீராத கடனாகிறது என்பதுதான் கதை. வட ஆற்காட்டிலிருந்து நம் முன்னோர் எப்படி ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை மாதிரி இருக்கும்.

மூன்றாவது, டி. செல்வராஜ் எழுதிய "தோல்". திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள் சங்கம் கட்டிய வரலாறு. 2012-ஆம் ஆண்டு சாகித்திய அகாடமி பரிசு பெற்ற நாவல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நமக்குச் சொந்தபந்தம் இல்லாத வீடு உண்டா? தோல் வேலை என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிறகு இதைப் படியுங்கள். சங்கம் என்பது சந்தா ரசீது மட்டுமல்ல என்பது புரியும்.

நான்காவது, ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்". தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்க்கை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெந்து போகிறவர்களை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் அந்த அம்மையார். பாறைத் தூசியில் நெஞ்சு போனவர்களைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, தாய்மார்களுக்காகச் சொல்லுகிறோம், பாமா எழுதிய "கருக்கு". 1992-இல் வந்தது. புத்தகத் தமிழ் அல்ல, வீட்டில் பேசுகிற தமிழ். "நம்ம பேச்சையும் அச்சுப் போடுவாங்களா?" என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். போட்டிருக்கிறார்கள் அம்மா, படித்துப் பாருங்கள்.

ஆறாவது, அண்ணல் அம்பேத்கரின் "சாதி ஒழிப்பு". இது 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை. எழுதியதைப் பார்த்துவிட்டு அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். பேச விடாவிட்டால் அச்சில் போடு என்பது அதில் நமக்குப் பாடம். தந்தை பெரியாரின் "குடி அரசு" அதை அப்போதே தமிழில் கொண்டுவந்தது.

ஏழாவது, மாக்சிம் கார்க்கியின் "தாய்". தொ. மு. சி. ரகுநாதன் தமிழாக்கம். அதில் வரும் தாய், அடி உதை தவிர வேறொன்றும் அறியாதவள். மகனும் அவன் தோழர்களும் கூடிப் படிப்பதைப் பார்த்துப் பார்த்து, நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துக் கற்கத் தொடங்குகிறாள். இனிமேல் எதற்குப் படிப்பு என்று சொல்லும் அக்காமார்கள் அந்த இடத்தை மட்டுமாவது ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே ஓர் இளைஞர் கேட்கலாம்: "அண்ணே, நாங்க படிச்சது இங்கிலீஷ் மீடியம், கன்னட மீடியம். எங்களுக்கு என்ன புத்தகம்?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. கன்னடக் கவிஞர் சித்தலிங்கையா தம் வாழ்க்கையை "ஊரு கேரி" என்று எழுதினார். பாவண்ணன் அதை "ஊரும் சேரியும்" என்று தமிழில் தந்திருக்கிறார். பிள்ளை கன்னடத்தில் படிக்கட்டும், தாய் தமிழில் படிக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டின்போது இருவரும் பேசட்டும். நம்மோடு வாழும் கன்னட உழைப்பாளியின் கஷ்டமும் நம் கஷ்டமும் ஒன்று என்பது மேடையில் நாங்கள் சொல்வதைவிட அதில் நன்றாகப் புரியும். ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஜானகி நாயரின் ஆராய்ச்சி நூல் ஒன்று உண்டு, 1998-இல் வந்தது. மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் வரலாறு. நம் தாத்தாக்கள் அதில் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒரு அத்தியாயம் படித்து, அடுத்த கூட்டத்தில் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சரி, நேரம் எங்கே, காசு எங்கே என்பீர்கள். நேரத்தைப் பற்றி ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். விடியுமுன்னே வண்டி ஏறி பெங்களூர் போகிறோம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். தூங்குகிறவர்கள் தூங்கட்டும், அவர்கள் பட்ட பாடு அப்படி. சீட்டு ஆடுகிறவர்களையும் போன் பார்க்கிறவர்களையும் குறை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு பெட்டியில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கலாம் என்றுதான் சொல்லுகிறோம். நம் முன்னோர் செய்ததும் இதுதான்.

காசைப் பொறுத்தவரை, பத்து வீடு சேர்ந்தால் ஒரு புத்தகம் பெரிய செலவல்ல. அட்டை போட்டு, உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, வாங்கியவர் பெயரும் தேதியும் எழுதுங்கள். பதினைந்து நாளில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பெங்களூரில் வேலைக்குப் போகிறவர்கள் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்கத்து நூலகத்தையும் பாருங்கள்.

முடிக்குமுன் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இன்று வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள், பழைய பெட்டியைத் திறங்கள். கிழிந்த நோட்டீசாக இருந்தாலும், சந்தா ரசீதாக இருந்தாலும், பெயர் தெரியாத பத்திரிகையாக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு, வேண்டுமானால் உங்களிடமே திருப்பித் தருகிறோம். இரண்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தனக்குப் பயன்பட்ட ஒரு புத்தகத்தின் பெயரோடு வர வேண்டும். எங்கள் பட்டியல் ஒரு குமாஸ்தாவின் பட்டியல். உங்கள் பட்டியலும் சேர்ந்தால்தான் அது தங்கவயலின் பட்டியல் ஆகும்.

எங்கள் பாட்டி இப்போது இல்லை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, படித்த எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் படிப்பக வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் முதல் புத்தகத்தின் முதல் கட்டுரையைப் படிக்கத் தொடங்குகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க வாருங்கள், தெரியாதவர்கள் கேட்க வாருங்கள்.