பழைய கணினியும் புதிய சுமையும்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று காலங்கழித்தவன் நான். கணினியின் வயிற்றைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கு ஓய்வு பெற்ற பிறகே வந்தது. அத்துணிவு வந்த வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன்.

கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணியாற்றுவோர் வாழும் குடியிருப்பு அணுபுரம். என் மகன் இல்லத்தில் அங்கே தங்கியிருக்கிறேன். மாலை வேளைகளில் சுற்றுப்புறத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கேட்க வருவதுண்டு. 2023-ஆம் ஆண்டில் அவ்வாறு வந்தவர்களுள் வணிகவியல் பயிலும் மாணவி ஒருத்தி, ஒரு நாள் பழைய மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் சுமந்து வந்தாள். தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் முதல் ஆண்டில், அவளுடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணினி அது.

"ஐயா, இது இனித் தேறாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். புதிது வாங்க அம்மா தோட்டை அடகு வைக்கப் போகிறார்கள்" என்றாள்.

நடந்தது யாதெனில், அக்கணினியில் முதலில் இருந்தவை விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். 2023 பிப்ரவரியில் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டன. வேண்டிய பக்கங்கள் சரிவரத் திறக்காமையால், கடையில் கொடுத்து விண்டோஸ் 10-ஐ ஏற்றியிருக்கிறாள். ஏற்றியவர் லினக்ஸையும் துடைத்தெறிந்துவிட்டார். அன்று முதல் கணினி எழுந்து நிற்கவே ஏழு நிமிடம் ஆயிற்று. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்பினாலும் அது பாதிதான் வந்திருக்குமாம்.

இதன் காரணத்தைக் கரும்பலகையைக் கொண்டே விளக்கலாம். வகுப்பறையில் அலமாரி ஒன்று உண்டு. பலகை ஒன்று உண்டு. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். இந்த மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் பலகையில் எழுதுகிறோம். கணினியின் வன்தட்டு அலமாரி. ரேம் என்று கடைத்தெருவில் வழங்கும் நினைவகம் பலகை. அந்தக் கணினியின் அலமாரி 320 ஜிகாபைட்டு. பலகையோ 2 ஜிகாபைட்டுதான். பலகை சிறிதாயின் ஆசிரியர் என் செய்வார்? ஒரு வரியை அழித்துவிட்டு அலமாரிக்கு ஓடுவார். புதிய வரியை எழுதுவார். அழித்ததே மீண்டும் தேவைப்பட, மறுபடியும் ஓடுவார். பாடம் நடக்காது, ஓட்டமே நடக்கும். கணினியின் தட்டு இடைவிடாமல் கரகரத்தது இந்த ஓட்டத்தினால்தான். டாஸ்க் மானேஜர் என்னும் பகுதியைத் திறந்து பார்த்தேன். வேறு வேலை எதுவுமின்றி இருக்கையிலேயே நினைவகத்தில் பெரும்பகுதி நிரம்பிக் கிடந்தது.

மந்தம் என்று நான் ஒதுக்கிய மாணவன் ஒருவன் அப்போது நினைவுக்கு வந்தான். விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு, ஒன்றும் உண்ணாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவன் அவன் என்பதை நான் அறிந்தபோது ஆண்டு முடிந்திருந்தது. அது நிற்க.

2 ஜிகாபைட்டு என்பது அற்பமான அளவு அன்று. அணுசக்தித் துறைக்கு அடிகோலிய ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், 1960-ல் ஒரு கணினியைக் கட்டி முடித்தார்கள். 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அதன் நினைவகம், 40 இருமக் குறிகள் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கிலோபைட்டு. மாணவியின் கணினி அதைப்போல் இரண்டு இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது! அந்தப் பத்துக்குள் அடங்கும்படி அன்றையோர் சிக்கனமாக எழுதினார்கள். இன்று இடம் மலிவு என்பதால் மென்பொருள் எழுதுவோர் கைவீசி நடக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதன் பளுவைச் சுமப்பவர் பழைய கணினி வைத்திருப்போரே.

சரி, பலகையைப் பெரிதாக்குவோம் என்று இறங்கினேன். முதல் முயற்சியில் பிழை செய்தேன். நான் வாங்கி வந்தது மேசைக் கணினிக்குரிய நீண்ட பட்டை. அதில் 240 தொடுமுனைகள். மடிக்கணினிக்கு வேண்டியது, டிடிஆர் 3 வகையில் 204 முனைகள் கொண்ட குட்டைப் பட்டை. அடுத்த தலைமுறையான டிடிஆர் 4 பட்டைக்கு 260 முனைகள். அதன் வெட்டுவாயும் வேறிடத்தில் இருக்கும். வலிந்து அழுத்தினால் பொருத்துமிடம் உடையும். ஆகவே, முன்னரே உள்ளிருக்கும் பட்டையின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்து எழுதிக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்லவேண்டும். சென்னை ரிச்சி தெருவில் 4 ஜிகாபைட்டுப் பழைய பட்டை ஒன்று கிடைத்தது.

மின்கலத்தைக் கழற்றி, இரும்பு அலமாரியைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை நீக்கிக்கொண்டு, பின்மூடியைத் திறந்தேன். கடற்காற்று படும் ஊர்; பழைய பட்டையின் முனைகள் மங்கியிருந்தன. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். காலியாக இருந்த இரண்டாம் இடத்தில் புதிய பட்டையைச் சாய்த்துச் செருகி அழுத்தினேன். இருபுறக் கவ்விகளும் 'டக்' என்று பிடித்தன.

மொத்தம் 6 ஜிகாபைட்டு இருக்க, பயன்படுவது ஏறக்குறைய 3 என்றே திரை காட்டியது. மாணவியின் முகம் வாடிற்று. கடைக்காரர் ஏற்றியிருந்தது 32 இருமப் பதிப்பு. இரண்டை முப்பத்திரண்டு முறை பெருக்கினால் 4,294,967,296 வரும். முகவரிகள் அவ்வளவே, அதற்கப்பால் வீடு கட்டினாலும் தபால்காரர் வரமாட்டார். அந்த நான்கிலும் ஒரு பங்கு பிற உறுப்புகளுக்குப் போய்விடும். முன்னிருந்த ஸ்டார்ட்டர் பதிப்போ இரண்டுக்கு மேல் ஏற்கவே ஏற்காது. எனவே அவளுடைய பாடக்குறிப்புகளையும் அண்ணனின் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, 64 இருமப் பதிப்பை ஏற்றினோம். அதன்பின் ஆறும் தெரிந்தன.

ஏழு நிமிடம் இரண்டரை நிமிடமாகக் குறைந்தது. அதற்குமேல் குறையவில்லை, அலமாரி பழையதுதானே! ஆயினும் திறந்த பின் வேலை தடையின்றி நடந்தது. அவள் அதிலேயே பட்டப்படிப்பை முடித்தாள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது நினைவகம் மட்டுமன்று, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் கேட்கிறது. அவை இக்கணினியில் இல்லை. பட்டை செருகித் தீர்க்கக் கூடிய குறையும் அன்று. ஆகவே, கடையில் துடைத்தெறிந்த பாஸ் லினக்ஸையே மீண்டும் ஏற்றியிருக்கிறோம். சேர்த்த நினைவகம் அதற்கும் உதவுகிறது.

நான் தவறி வாங்கிய நீண்ட பட்டை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பழைய மேசைக் கணினியோடு எந்தப் பிள்ளையாவது வந்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.