ஒரு சாண் தாளில் ஒரு வீடு

ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் என்றால் பலருக்கும் ‘இரவுக் காவல்’ நினைவுக்கு வரும். 1642-இல் வரைந்தது, நான்கு மீட்டருக்கு மேல் அகலம். நான் இன்று பேச வந்தது ஒரு சாண்கூட இல்லாத அவருடைய இன்னொரு படத்தைப் பற்றி. 1649 வாக்கில் வரைந்த பனிக்கால நிலக்காட்சி. இப்போது அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே நடந்துபோய்ப் பண்ணை வீடுகளை அவர் நிறைய வரைந்த காலம் அது.

படத்தில் இருப்பது தாழ்ந்த கூரை போட்ட குடியானவர் வீடு, மரங்கள், வேலி. எல்லாம் பழுப்பு மையில்.

நான் ஓவியம் கற்றுக்கொடுக்கிறவன். வகுப்பில் இதன் அச்சுப்படத்தைக் காட்டினால், “பனி எங்கே சார்?” என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். கூரைமேல் விரலை வைக்கச் சொல்வேன். அங்கே மை இல்லை, வெறும் தாள். முன்னால் விரிந்த நிலமும் அப்படித்தான். சுற்றிலும் நாலு கோடு சரியாக விழுந்ததால் அந்த வெறுந்தாளே பனியாகிவிட்டது!

அந்தக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது நாணல் பேனாவின் கோடு. இறகுப் பேனா வளைந்து கொடுக்கும், நெடுந்தூரம் ஓடும். நாணலில் மை சீக்கிரம் தீர்ந்துவிடும். கோடு தடித்துத் தொடங்கி, வறண்டு நின்றுவிடும். ஆற்றங்கரை நாணலைச் சீவி என் மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அலங்காரம் செய்ய அது விடாது. எந்தக் கோடு வேண்டும் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ரெம்பிராண்ட் அந்த முடிவுகளை எவ்வளவு துணிவாக எடுத்திருக்கிறார், பாருங்கள்!

கீற்று வீட்டில் வளர்ந்த மாணவி ஒருத்தி இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கூரை இவ்வளவு தாழ இருந்தா குனிஞ்சுதான் சார் உள்ளே போகணும்” என்றாள். அவள் அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள், நேயர்களே! படம் பார்ப்பது என்றால் அதுதான்.

நேரம் நெருங்கிவிட்டது. மை பட்ட இடத்தைப் போலவே படாத இடத்தையும் பாருங்கள். வாசல் எங்கே, எப்படி நுழைவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் ஓட்டு வீட்டையோ கூரை வீட்டையோ பிள்ளைகளோடு உட்கார்ந்து கொஞ்சம் கோடுகளில் வரையுங்கள். அப்படியொரு படம் வீட்டுக்கு ஒன்று சேர வேண்டும் என்பது என் ஆசை.