சின்னமாகிவிட்ட சிட்டு



வாசலில் பூத்த செம்பருத்தியில் தேன் குடிக்க வரும் தேன்சிட்டை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்க்காதவர் குறைவு. அதை ஹம்மிங்பேர்ட் என்று அழைப்பவர்களும் உண்டு. உண்மையில் ஹம்மிங்பேர்ட் எனப்படும் ரீங்காரச் சிட்டு வேறு குடும்பம். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுத் தலைநகர் கீட்டோ. அதை ஒட்டி நிற்கிறது பிச்சிஞ்சா எரிமலை. அதன் வடமேற்குச் சரிவில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், மேகம் தவழும் ஈரக்காட்டில் ஒரு சிறிய சிட்டு வாழ்கிறது. ஆண் சிட்டின் மார்பு கறுப்பு. இரு கால்களிலும் பஞ்சு சுற்றியதுபோல் வெள்ளை இறகு! அந்நாட்டுக் குதிரைக்காரர்கள் அணியும் கம்பளிக் காலுறைக்குச் ‘சமாரோ’ என்று பெயர். அதனால் இந்தச் சிட்டை மக்கள் செல்லமாகச் ‘சமாரித்தோ’ என்கிறார்கள்.

இதற்கு வந்த ஆபத்து எது? நகரத்து அடுப்புதான். கரி சுடுவதற்காகக் காட்டு மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய இடங்கள் மேய்ச்சல் நிலமாகவும் உருளைக்கிழங்குத் தோட்டமாகவும் மாறின. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிட்டுகளைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். பின்னர் பல ஆண்டுகள் சிட்டு கண்ணிலேயே படவில்லை. 1980ல் ஒருமுறை தென்பட்டது. மீண்டும் 1993ல்தான் தென்பட்டது.

2001ல் ஹொகொதொகோ அறக்கட்டளை, யானகோச்சா என்ற பகுதியைக் காப்புக்காடாக்கியது. 2005ல் கீட்டோ நகரம் இந்தச் சிட்டைத் தன் சின்னமாக ஏற்றது. பெருமைதான். ஆனால், சின்னம் வரைந்த பலகையில் சிட்டு கூடு கட்டுமா?

பூக்கள் மலரும் காலத்தைப் பின்பற்றி இது மலையில் ஏறியும் இறங்கியும் வாழ்கிறது. மேலே காடு இருந்தும் கீழே காடு இல்லையென்றால் அதற்குப் பாதி வாழ்க்கைதான். இன்று எஞ்சியிருப்பவை சில நூறுக்கு மேல் இரா என்பது கணிப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், நேயர்களே. யானகோச்சா காட்டின் நீரைக் கீட்டோ மக்களும் குடிக்கிறார்கள். சிட்டுக்காகக் காக்கும் ஒவ்வொரு மரமும் அவர்கள் வீட்டுக் குழாயையும் காக்கிறது. ஊருக்கு ஒரு சின்னம் வேண்டுமென்றால், அந்தச் சின்னத்திற்கும் வாழ ஓர் இடம் வேண்டாமா?