இடைச்சொல்லில் ஒளியும் சார்பு



இலக்கணம் நடத்துபவன் திரைப்படச் செய்தியைப் பேச வந்தது ஏன் என்று வியக்க வேண்டா. நம் மாணவர் நாடோறும் விரும்பிப் படிக்கும் உரைநடை அஃதொன்றே. அவ்வுரைநடையில் அப்பட்டமான பொய் குறைவு, சாய்வு மிகுதி. அச்சாய்வு பெரும்பாலும் பெயரிலும் வினையிலும் இராது, இடைச்சொல்லில் பதுங்கியிருக்கும்.

2019 சனவரி 10 அன்று 'பேட்ட', 'விசுவாசம்' என்னும் இரு படங்கள் ஒருங்கே வெளிவந்தன. (முன்னது ஐகாரம் இழந்த கொச்சை; பின்னது வடசொல். பொங்கற்கு வந்த இரண்டனுள் ஒன்றற்கேனும் நற்றமிழ்ப் பெயர் வாய்த்திலது!) எது மிகுதியாக ஈட்டியது என்று இருதரப்பும் பூசலிட்டன. ஒரே விசிப்பலகையில் அமர்ந்து பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் இரு நடிகர் பெயரால் முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர். கேட்டால், 'ஏட்டில் வந்ததே ஐயா' என்பர்.

ஏட்டில் வந்தது எது? தமிழ்நாட்டில் திரையரங்கு வருவாயை நடுநின்று கணக்கிட்டு ஊரறிய வெளியிடும் பொது அமைப்பு இல்லை. படத்தை ஆக்கியவரும் விற்றவரும் சொல்வதே எண். எண் உறுதியற்றவிடத்துச் சொல் விளையாடத் தொடங்கும்.

நானே இரு தொடர் கட்டிக் காட்டுகிறேன். 'முதல் நாளில் 8 கோடி உருபாவே ஈட்டியது.' 'முதல் நாளிலேயே 8 கோடி உருபா ஈட்டியது.' தொகையும் ஒன்று; நாளும் ஒன்று. ஏகாரம் இடம்பெயர்ந்தது, அவ்வளவே. தொகையோடு ஒட்டியபோது பிரிநிலையாய் நின்று 'இதற்கு மேல் இல்லை' என்று இளக்கரித்தது. நாளோடு ஒட்டியபோது தேற்றமாகி 'இத்துணை விரைவிலா!' என்று மலைக்க வைத்தது. எவரும் வழக்காட முடியாது, எழுதியதில் பொய்யில்லை.

உம்மை இதனினும் சூழ்ச்சி மிக்கது. 'மதுரையிலும் அரங்கு நிறைந்தது' என்றால், செய்தியாளர் மதுரையன்றி வேறூர் சென்றிராவிடினும், எச்சவும்மை நாடெங்கும் நிறைந்ததாகச் சொல்லாமற் சொல்லிவிடும். நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தார். அவற்றுள் எதுவும் இவர்கள் கைக்குத் தப்பவில்லை.

'கூறப்படுகிறது' என்னும் செயப்பாட்டுவினையோ கூறியவனையே விழுங்கிவிடுகிறது. கூறியவன் படத்தை விற்றவனாயின்? 'பேட்ட' படத்தை ஆக்கிய சன் பிக்சர்சு, சன் குழுமத்தது. தொலைக்காட்சிகளும், 2005 முதல் 'தினகரன்' நாளிதழும் அக்குழுமத்தனவே. அதனாலேயே அவ்விதழ் பொய்யெழுதிற்று என்று யான் சொல்லேன். சான்றின்றிப் பழிப்பது நமக்கு அழகன்று. எவர் ஆக்கிய படத்தை எவருடைய இதழ் எழுதுகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே எழுதுக என்றே கேட்கிறேன். எல்லா இதழ்க்கும் இது பொது.

படத்தின் அளவு, பக்கத்தின் இடம் இவற்றைக் கண்ணுள்ளவர் காண்பர்; விரிக்கவில்லை.

ஆசிரியர்களே, இடைச்சொல்லியல் நடத்தும் நாளில் பழைய எடுத்துக்காட்டுகளோடு நில்லாதீர். போட்டிப் படங்கள் வந்த மறுநாள் இரண்டு செய்தித்தாள்களை வகுப்பிற்குக் கொண்டு செல்க. ஏகாரத்தையும் உம்மையையும் 'மட்டும்' என்பதையும் மாணவரே வட்டமிடட்டும். அவற்றை அடித்துவிட்டு மீண்டும் உரக்கப் படிக்கச் சொல்க.